குமரிக் கரையும் காலடி மணலும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

நாஞ்சில் நாட்டில் பிறந்தவனிடம் போய், “நீ கன்னியாகுமரி பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டால் அவன் சிரிப்பான். வெளியூரிலிருந்து உறவினர் வரும்போதெல்லாம் அழைத்துக்கொண்டு போகிற இடமல்லவா அது! விடியுமுன் பேருந்து ஏறி, சூரியன் எழுவதைப் பார்த்து, வரிசையில் நின்று படகில் போய்ப் பாறையைக் கண்டு, சங்கு மாலையும் கிளிஞ்சலும் வாங்கித் தந்து அனுப்பிவிட்டால் நம் கடமை முடிந்தது. அங்கே வருகின்ற ஒவ்வொருவரும் தொலைவையே பார்க்கிறார்கள். கிழக்கே சூரியன், தெற்கே கடல், நடுவே வள்ளுவர். தாம் நிற்கின்ற மணலைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. அந்த மணலுக்கு ஒரு வரலாறு உண்டு. இன்று அதன்மேல் ஒரு வழக்கும் உண்டு. அவ்விரண்டையும் ஒரே நாளில் கண்டுவர முடியும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

இதற்குக் கார் தேவை. பேருந்தில் போனால் முனையைப் பார்க்கலாம். கரையைப் பார்க்க முடியாது. நினைத்த இடத்தில் நிறுத்தவும், கடலோரச் சிற்றூர்களுக்குள் நுழையவும், மாலையில் முட்டத்தின் குன்றின்மேல் நிற்கவும் ஒரு வாடகைக் கார் வேண்டும். ஐந்து பேர் சேர்ந்து பங்கிட்டுக்கொண்டால் அது மாணவர் கைக்கு எட்டாத ஆடம்பரமன்று. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் நாங்கள் அவ்வாறுதான் போனோம். பழுதான இயர்போன் ஒன்றிலிருந்து கழற்றிய சிறு காந்தம் ஒன்றையும் எடுத்துக்கொண்டோம். அது எதற்கென்று பின்னர் சொல்கிறேன். எங்கள் நோக்கத்தைக் கேட்ட ஓட்டுநர் அண்ணன், “மண்ணு பாக்கதுக்கா தம்பி கார் பிடிச்சிய?” என்று கேட்டது மட்டும் நாள் முழுவதும் எங்களுக்குச் சிரிப்பாயிருந்தது.

நாகர்கோவிலிலிருந்து முனைக்கு ஏறத்தாழ 20 கி.மீ. வழியில் சுசீந்திரம். தாணுமாலயன் கோயிலின் ஏழுநிலைக் கோபுரத்தையும் இசைத் தூண்களையும் பற்றி இம்மலரிலேயே பலர் எழுதியிருப்பர். நமக்கு வேண்டியது அங்கே தொடங்கும் ஒரு கதை. சுசீந்திரத்து இறைவனுக்கும் முனையில் தவமிருந்த குமரிக்கும் திருமணம் உறுதியாயிற்று. முகூர்த்தம் நள்ளிரவு. மாப்பிள்ளை ஊர்வலம் வழுக்கம்பாறையை அடைந்தபோது நாரதர் சேவலாகக் கூவினாராம். விடிந்துவிட்டதென்று எண்ணி மாப்பிள்ளை திரும்பிவிட்டார். மணப்பெண் காத்திருந்தாள், சமைத்து வைத்த அரிசியும் பருப்பும் பிறவும் மணலாகிப் போயின. அதனால்தான் குமரிக் கரையில் அரிசி போன்றும் பருப்பு போன்றும் பலநிற மணல் கிடக்கிறது என்பார்கள். வழுக்கம்பாறை இன்றும் அதே சாலையில்தான் இருக்கிறது. காரில் போனால் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும்.

இக்கதையைக் கட்டியவர்கள் மணலைக் கூர்ந்து பார்த்தவர்கள் என்பது என் துணிபு. கரையில் ஒரு பிடி மணலை உள்ளங்கையில் பரப்பினால் நான்கைந்து நிறங்கள் தெரிகின்றன. வெண்மையானது குவார்ட்ஸ். கருஞ்சிவப்பு நிறத்தது கார்னெட். கருமையானது இல்மனைட். நிறமற்றுப் பளபளக்கும் சிறு மணிகள் சிர்க்கான். தேன்போன்ற மஞ்சள் நிறத்தில் அருகிக் காணப்படுவது மோனசைட். இவை யாவும் கடலில் பிறந்தவை அல்ல, மலையிலிருந்து வந்தவை. நமக்கு வடக்கே நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் வெயிலிலும் மழையிலும் நைந்து, பொடிந்து, ஆறுகளில் உருண்டு கடலை அடைகின்றன. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆகவே மலை இருமுறை கழுவப்படுகிறது எனலாம். சுசீந்திரத்தின் ஓரமாகப் போகும் பழையாறும், கடியப்பட்டணத்தருகே கடலில் சேரும் வள்ளியாறும் இந்தச் சரக்கைத்தான் நெடுங்காலமாகச் சுமந்து வந்திருக்கின்றன.

வந்த மணலைப் பிரித்து அடுக்குவது அலையின் வேலை. குவார்ட்ஸின் அடர்த்தி நீரைப் போல் 2.65 மடங்கு; கார்னெட் ஏறத்தாழ 4; இல்மனைட் 4.7, மோனசைட் 5. அலை ஏறும்போது எல்லா மணலையும் தூக்கி வருகிறது. திரும்பும்போது அதன் வலு குறைகிறது. இலேசான வெண்மணலை மட்டும் இழுத்துச் செல்கிறது. கனத்த மணிகள் தங்கிவிடுகின்றன. நம் வீட்டுப் பெண்கள் சுளகில் அரிசி புடைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே தத்துவம்தான். ஆனி, ஆடி மாதங்களில் அலை மூர்க்கமாக அடிக்கும்போது இந்தப் புடைத்தல் வேகமாக நடக்கிறது. கரையில் கரிய பட்டைகள் தெரிவது அப்போதுதான்.

முனையை நாங்கள் அடைந்தபோது மணி ஆறு. தை மாதத்தில் சூரியன் 6.40 அளவில்தான் எழும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதிலும் இந்நேரம் முக்கால் மணிக்குமேல் மாறுவதில்லை. குளிர்காலத்தில் சூரியன் கிழக்கு, மேற்கு இரண்டிலும் தெற்கே சாய்ந்து எழுந்து விழுவதால் உதயம், மறைவு இரண்டையும் கடலிலேயே பார்க்கலாம். ஆனியில் போய் நின்று சூரியன் நிலத்தின் பின்னே மறைந்துவிட்டதென்று குறைபட்டுப் பயனில்லை.

முக்கடல் கூடுமிடம் என்று அங்கே எல்லோரும் சொல்வர். நிறவேறுபாட்டைக் காட்டித் தருவோரும் உண்டு. கடல்களின் எல்லையை வரையறுத்துச் சர்வதேச நீர்வரைவியல் அமைப்பு 1953-இல் வெளியிட்ட நூலின்படி குமரிக்கு முன்னால் விரிந்திருப்பது இலட்சத்தீவுக் கடல். வங்கக் கடலின் எல்லை சேது அணையோடும் இலங்கையின் தென்முனையோடும் நின்றுவிடுகிறது. இதைக் கேட்டு யாரும் வருந்தவேண்டியதில்லை. நீருக்கு எல்லைக்கல் நட முடியாது; கிழக்குக் காற்றின் நீரும் மேற்குக் காற்றின் நீரும் பருவத்துக்குப் பருவம் இங்கே மாறிமாறி வந்துபோவது உண்மைதான்.

காந்தி மண்டபத்தில் எங்கள் இயற்பியலுக்கு நல்ல தீனி கிடைத்தது. 1948 பிப்ரவரி 12 அன்று இங்கே கடலில் கரைக்கப்பட்ட காந்தியடிகளின் அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில் 1956-இல் எழுந்த மண்டபம் இது. ஒவ்வோர் அக்டோபர் 2-ஆம் நாளும் நண்பகலில், கூரையிலுள்ள துளை வழியாக வரும் கதிர் அவ்விடத்தின்மேல் விழுமாறு கட்டியிருக்கிறார்கள். இதில் மாயம் எதுவுமில்லை, கணக்குத்தான் உண்டு. அந்நாளில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 3.6 பாகை தெற்கே இருக்கும். குமரியோ 8.1 பாகை வடக்கே. இரண்டையும் கூட்டினால் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 12 பாகை தெற்கே சரிந்து நிற்கும். துளையை அதற்கேற்ப வைத்தால் போதும். ஆனால் இதே சரிவு ஆண்டில் இன்னொரு நாளும் வரவேண்டுமே! கணக்குப் போட்டுப் பார்த்தோம். மார்ச் 11 அளவில், பகல் 12.30 மணியையொட்டி வருகிறது. அக்டோபரில் இந்நிகழ்ச்சி 12.10-க்கு, மார்ச்சில் இருபது நிமிடம் தாமதம். பிறந்தநாள் கூட்டத்தில் நெரிபட விரும்பாதோர் மார்ச்சில் போய்ப் பார்க்கலாம்.

எட்டு மணி அளவில் படகு தொடங்குகிறது. கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாறையில் 1892 டிசம்பரில் விவேகானந்தர் அமர்ந்தார். 1970-இல் நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. அடுத்த பாறையில் கணபதி ஸ்தபதியார் செதுக்குவித்த வள்ளுவர், 38 அடிப் பீடமும் 95 அடிச் சிலையுமாக 133 அடி உயரத்தில், 2000 ஜனவரி 1 முதல் நிற்கிறார். இரண்டையும் இணைத்து 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டிருக்கிறது. பாலத்தில் எல்லோரும் கண்ணாடி வழியே கீழே அலையைப் பார்க்கிறார்கள். நீங்கள் பாறையைப் பாருங்கள். சார்னோக்கைட் என்னும் வகை அது. சென்னைப் பரங்கிமலையிலும் இவ்வகைப் பாறையே உள்ளது. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்தில் வெந்து உருவான பாறை. அக்காலத்தில் தென்னிந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்ட்டிகா யாவும் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தன. நம் கரை மணலின் தாய் இத்தகைய பாறைகளே.

இங்கே குமரிக்கண்டத்தைப் பற்றி ஒரு சொல். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டும். 1864-இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலார் கற்பனை செய்த இலெமூரியாவைக் கண்டப் பெயர்ச்சிக் கொள்கை வந்தபின் நிலவியலார் கைவிட்டனர். கண்டமொன்று மூழ்கியதற்குக் கடலடியில் சான்றில்லை. ஆயினும் கடல் நிலத்தைக் கொண்டது என்ற நினைவு வெறும் பொய்யுமன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. அப்போது குமரியின் தெற்கே நிலம் மேலும் நீண்டே கிடந்திருக்கும். அந்த ஆழமற்ற கடற்பரப்பில்தான் இன்று வாட்ஜ் கரை எனப்படும் வளமான மீன்பிடித் தளம் உள்ளது. 1976-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்பாட்டில் அது இந்தியாவுக்கென்று உறுதியாயிற்று. மூழ்கிய நிலம் நம் மீனவர்க்கு வயலாகியிருக்கிறது.

பதினொரு மணிக்கு முனையை விட்டுவிட வேண்டும். இல்லையேல் கரை கிடையாது. முதலில் வடகிழக்கே ஆறு கி.மீ. தொலைவில் வட்டக்கோட்டை. 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் அவருக்கே படைத்தலைவரான டச்சுக்காரர் டிலெனாயின் மேற்பார்வையில் வலுப்பெற்ற கோட்டை. மதிலின்மேல் ஒரு புறம் கடலும் மறுபுறம் மலையும் தெரியும். மணல் எங்கிருந்து எங்கே வந்தது என்பதை ஒரே திருப்பத்தில் பார்த்துவிடலாம். கோட்டையை ஒட்டிய கரையும் கருமையோடியதே.

பிறகு திரும்பி, முனையைக் கடந்து மேற்கே கடலோரச் சாலையில் செல்ல வேண்டும். முதலில் வருவது மணக்குடி. சுசீந்திரத்தில் பார்த்த பழையாறு இங்கே காயலாகி, அலையாத்திச் செடிகளினூடே கடலைத் தொடுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இவ்வாற்று முகத்தின் பாலத்தைப் பெயர்த்து எறிந்தது. மணக்குடியிலும் குளச்சலிலும் குடும்பம் குடும்பமாக மாண்டனர். அன்று காலை விவேகானந்தர் பாறைக்குச் சென்றிருந்த நூற்றுக்கணக்கானோர் அங்கேயே சிக்கிக்கொண்டனர். பாறை அவர்களைக் காத்தது. மணலின்மேல் வாழ்ந்தவர்க்கு அந்தக் காப்பு இல்லை.

மணக்குடிக்கு மேற்கே பள்ளம், இராசாக்கமங்கலம் என்று ஊர்கள் தொடர்கின்றன. பல இடங்களில் கரைக்குப் பதிலாகக் கருங்கல் குவியலே கண்ணில் படுகிறது. கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் சுவர்களைத் தூண்டில் வளைவு என்கிறார்கள். கரையோரமாக மணல் நகர்ந்துகொண்டே இருக்கும் இயல்புடையது. தூண்டில் வளைவு ஒரு பக்கம் மணலைத் தடுத்துச் சேர்த்துக்கொடுக்கும்; மறுபக்கத்து ஊருக்கு வரவேண்டிய மணல் அந்த அளவுக்குக் குறையும். அவ்வூராரும் ஒன்று கேட்பார்கள். மலையிலிருந்து வரும் மணலும் முன்போல் வருவதில்லை. அணை கட்டினால் நீரோடு வந்த மணல் அணையின் காலடியில் தங்கிவிடுவது இயல்பு. 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணை நமக்குச் சோறு போட்டது. அதை யாரும் மறுக்கமாட்டோம். ஆனால் அணைகளுக்கும் கடற்கரைக்கும் உள்ள உறவை வயலில் நிற்பவர் உணர்வதில்லை. எங்களுடன் வந்த நண்பன் கடலோர ஊர்க்காரன். கார் தன் ஊரைக் கடக்கையில் அலையடிக்கும் ஓரிடத்தைக் காட்டி, “எங்க தாத்தா வலை காயப் போட்ட எடம் அதுதாம்ல” என்றான். அங்கே நீர்தான் இருந்தது.

மாலை நான்கு மணிக்கு மணவாளக்குறிச்சியை அடுத்த சின்னவிளைக் கரையில் இறங்கினோம். நான் சொல்ல வந்ததில் பாதி இங்கேதான் இருக்கிறது. மணல் ஏறக்குறைய மை போலக் கருத்திருந்தது. ஒரு வெள்ளைத் தாளில் கொஞ்சம் பரப்பி, தாளின் அடியில் காந்தத்தை நகர்த்தினோம். கருமணிகள் எழுந்து முள்முள்ளாய் நின்று காந்தத்தோடு ஓடின. கார்னெட் மணிகள் தயங்கித் தயங்கி நகர்ந்தன. குவார்ட்ஸும் சிர்க்கானும் அசையவே இல்லை. ஆலையிலும் இதுவே பெரிய அளவில் நடக்கிறது. அடர்த்தியால் ஒருமுறையும், காந்தத்தால் ஒருமுறையும், மின்சாரம் கடத்தும் தன்மையால் ஒருமுறையும் சலித்துப் பிரிக்கிறார்கள். கருப்பு இல்மனைட்டிலிருந்து வெள்ளைப் பெயிண்டுக்கான டைட்டேனியம் ஆக்சைடு கிடைக்கிறது. கார்னெட் உப்புத்தாளுக்கு, சிர்க்கான் ஓடுகளின் மெருகுக்கு.

மோனசைட்டின் கதை வேறு. ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இதைக் கண்டார். அக்காலத்தில் எரிவாயு விளக்கின் வலைத்திரிக்குத் தோரியம் வேண்டியிருந்தது. நம் திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் ‘மேண்டில்’ அதுவே. அதற்காக மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை எழுந்தது. 1950-இல் தொடங்கப்பட்ட இந்திய அருமண் நிறுவனம் பின்னர் அதை ஏற்றது, இன்றும் நடத்துகிறது. மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு. பாதிக்கு மேற்பட்டது அருமண் தனிமங்கள். அவற்றுள் ஒன்று நியோடிமியம். எங்கள் கையிலிருந்த இயர்போன் காந்தம் அந்த நியோடிமியத்தால் ஆனதுதான்! மின்சாரக் காருக்கும் காற்றாலைக்கும் அவ்வகைக் காந்தம் வேண்டும். 2025 ஏப்ரலில் சீனா அருமண் தனிமங்கள் சிலவற்றின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபின் உலகமே இத்தகைய மணலைத் தேடுகிறது.

தோரியம் கதிர்வீச்சு உடையது. அதன் அரை ஆயுள் 1,405 கோடி ஆண்டு. பூமியின் வயதைப் போல் மூன்று மடங்கு. ஆகையால் இக்கரை மனிதன் தோன்றுமுன்பே கதிர்வீசிக்கொண்டிருந்த கரை. ஆலையால் வந்த கதிர்வீச்சு என்பது சரியன்று. இதேபோன்ற மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரை ஆராய்ந்து 2009-இல் வெளியான முடிவு, அங்குப் புற்றுநோய் மிகுந்திருக்கவில்லை என்கிறது. ஆனால் நோயுற்றவரைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்த நம் கடலோர மக்களிடம் இந்தப் புள்ளிவிவரத்தை மட்டும் நீட்டி நிறுத்திக்கொள்வது முறையாகாது. அவர்கள் கேட்பது கதிர்வீச்சைப் பற்றி மட்டுமன்று. மணலை எடுத்துவிட்டால் கடலைத் தடுப்பது எது என்றும் கேட்கிறார்கள். தனியார் தாது மணல் எடுப்பதைத் தமிழக அரசு 2013-இல் நிறுத்தியது. 2024-இல் கிள்ளியூர் வட்டத்துக் கடலோர ஊர்களில் 1,144 எக்டேர் பரப்பில் மணல் எடுக்கும் திட்டம் வெளிவந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்து, கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

நாட்டுக்குக் காந்தம் வேண்டும். எனக்கு அதில் ஐயமில்லை. இயற்பியல் படித்துக்கொண்டு அதை மறுக்க முடியாது. ஆனால் எடுத்த மணலின் எடைக்கு ஈடாக, பிரித்தபின் மிஞ்சும் வெண்மணல் எந்தக் கரைக்கு, எவ்வளவு, எப்போது திரும்பி வருகிறது என்பதை அவ்வூர் மக்கள் தாமே அளந்து பார்க்கும்படி செய்யாதவரை, ‘இடத்தைத் திரும்பச் சீர்செய்வோம்’ என்ற சொல்லை அவர்கள் நம்பவேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அளப்பது ஒன்றும் கடினமான வேலையன்று. ஒவ்வொரு பௌர்ணமியிலும் ஒரு கம்பும் கயிறும் கொண்டு கரையின் அகலத்தை அளந்து எழுதிவைக்க, பள்ளிப் பிள்ளைகளாலும் முடியும். நம் கல்லூரியால் முடியாதா?

தாளிலிருந்த மணலை அங்கேயே உதறிவிட்டு முட்டத்துக்கு வந்தோம். ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) படத்தால் நாடறிந்த ஊர். கலங்கரை விளக்கத்தை ஒட்டிய செம்மண் மேடு கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. காற்றால் குவிந்த மணலே பல்லாயிரம் ஆண்டில் இரும்புத் துருவேறிச் சிவந்து தேரியாகியிருக்கிறது. மழை அதை ஓடையோடையாக அறுத்துவிட்டது. 6.20-க்குச் சூரியன் மறையும். அரைமணி முன்னதாகவே போய் உட்கார்வது நல்லது. விளிம்புக்குப் போகக்கூடாது, மண் உதிரக்கூடியது.

கீழே வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், மணல் குறைகிறதா என்று கேட்டோம். “ஆனி ஆடியில கடலு மணலக் கொண்டு போவும் மக்களே. ஐப்பசி கார்த்திக கழிஞ்சா திருப்பிக் கொண்டாந்து போடும். எங்க அப்பன் காலத்துலயும் அப்படித்தான்” என்றார். சற்றுப் பொறுத்து, “இப்ப போறது முழுசும் வரமாட்டேங்குது” என்று சொல்லிவிட்டு, வலையைப் புரட்டிப் போடப் போனார்.